பருத்தித்துறை வெளிச்சவீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வரும் உறவினர்களைப் பருத்தித்துறை முனைக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. வெள்ளைக் கோபுரத்தைக் கண்டதும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக் களைத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். என் பெரியப்பா கடற்றொழில் செய்தவர். "கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் தூண்" என்பார். பதில்களில் பாதி அவர் வாயிலிருந்து கேட்டதன் மிச்சம்.

வெளிச்சவீடு என்பதா, கலங்கரை விளக்கம் என்பதா? எது சரி?

இரண்டும் சரி. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் யாரிடமும் "கலங்கரை விளக்கம் எங்கே?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்; ஆனால் உங்களைப் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவர் போலப் பார்ப்பார்கள். இங்கே வழக்கில் உள்ள சொல் வெளிச்சவீடு. வெசாக் நாளில் தொங்கவிடும் வெளிச்சக்கூட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.

கலங்கரை விளக்கம் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பலர் இதைக் 'கலங்கள் வந்து சேரும் கரையில் உள்ள விளக்கு' என்று பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். அது பிழை. இங்கே 'கரை' என்பது கடற்கரை அல்ல, கரைதல், அதாவது அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே பொருள். பெரும்பாணாற்றுப்படை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: வானத்தைத் தாங்க ஊன்றிய தூண் போன்ற உயரமான மாடம், அதில் சாத்திய ஏணி, உச்சியில் இரவில் கொளுத்திய தீ, கடலில் ஓடும் கலங்களை அது அழைக்கும் துறை. வாயில்லாத விளக்கு கூவி அழைக்கிறது என்று நினைத்த அந்த மூளையை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

இதைக் கட்டியவர்கள் ஒல்லாந்தரா, போர்த்துக்கேயரா?

இருவரும் இல்லை. இன்று நீங்கள் பார்க்கும் கோபுரம் 1916ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. உயரம் 32 மீற்றர். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். கோட்டைகளையும் தேவாலயங்களையும் விட்டுச்சென்றார்கள். பழைய கட்டடம் எதைக் கண்டாலும் "ஒல்லாந்தர் கட்டியது" என்று சொல்லிவிடுவது நம் ஊர்ப் பழக்கம்.

போர்த்துக்கேயருக்கு இங்கே ஒரு பங்கு உண்டு. அது ஊரின் ஆங்கிலப் பெயரில் இருக்கிறது. 'பொயின்ட் பீட்ரோ' என்பதில் வரும் பீட்ரோ யாரோ ஒரு ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் இல்லை, கல். போர்த்துக்கேய மொழியில் இந்த முனையைப் 'பொன்டா தாஸ் பெட்ராஸ்', அதாவது கற்களின் முனை, என்று குறித்தார்கள். ஆங்கிலேயர் வாயில் அது பீட்ரோ ஆகிவிட்டது. நாமோ அந்த ஊரைப் பருத்தி ஏற்றிய துறை என்று அழைக்கிறோம். கரையில் நின்ற நமக்குப் பருத்தி மூட்டை தெரிந்தது. கப்பலில் வந்தவனுக்குக் கப்பலை உடைக்கும் கல் தெரிந்தது. இந்த இடத்தில் ஏன் ஒரு விளக்கு வேண்டும் என்பதற்கான காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

1916 என்றால் முதல் உலகப் போர்க்காலம் அல்லவா? அப்போதா கட்டினார்கள்?

ஆம், போரின் நடுவில்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு, எம்டன் என்ற ஜேர்மானியக் கப்பல் சென்னைக்கு முன்னால் வந்து நின்று, விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்த துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சு அன்று பிறந்ததுதான். கடற்கரை விளக்கு நண்பனுக்கும் எதிரிக்கும் ஒரே மாதிரித்தான் வழிகாட்டும் என்பதை அந்த இரவு காட்டியது. அப்படியிருந்தும் எங்கள் பாக்கு நீரிணைக் கரையில் 1916இல் இரண்டு வெளிச்சவீடுகள் எழுந்தன: ஒன்று பருத்தித்துறையில், மற்றது காரைநகரின் கோவளத்தில். அதற்கு முந்திய 1914இல்தான் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயில் பயணிகளை ஏற்றும் கப்பல் சேவை தொடங்கியிருந்தது. இந்தச் சின்னக் கடலில் போக்குவரத்துக் கூடிக்கொண்டிருந்த காலம் அது.

32 மீற்றர் உயரம் எதற்கு? மலையில் சின்ன வெளிச்சவீடுகள் இருக்கின்றனவே?

மலை இருந்தால் யார் இவ்வளவு செலவு செய்வார்கள்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று எதுவும் இல்லை. கீரிமலை என்று ஊருக்குப் பெயர் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். கடலிலிருந்து பார்த்தால் எங்கள் கரை நீளக் கோடு போன்ற ஒரு பனைவரிசை. முனை எது, வல்வெட்டித்துறை எது, மயிலிட்டி எது என்று பகலில்கூடப் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். நன்றாக வளர்ந்த பனை 30 மீற்றர் வரை எழும்பும். அந்தத் தலைகளுக்கு மேலே விளக்கு தெரிய வேண்டும் என்றால் கோபுரம் அதற்கு மேல் போகவேண்டும்.

வெள்ளை நிறமும் அலங்காரத்துக்காக அல்ல. பகலில் விளக்கு எரியாது. அப்போது கோபுரமே அடையாளம். பச்சைப் பனைவரிசைக்கு முன்னால் வெள்ளைத் தூண் ஒன்று நின்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?

பூமி உருண்டையாக இருப்பதால் எவ்வளவு பலமான விளக்கானாலும் ஒரு தூரத்துக்கு அப்பால் கடல் அதை மறைத்துவிடும். கணக்கு எளிது. உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 32 மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வள்ளத்தில் எழுந்து நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அவருக்கு 5 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டுங்கள்: 25 கிலோமீற்றர். காற்றில் ஒளி சற்று வளைவதால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த 25ஆவது கிலோமீற்றரில் வள்ளத்தில் நிற்பவருக்குத் தெரியும் விளக்கு, அவர் உட்கார்ந்தால் மறைந்துவிடும். பெரியப்பா இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் "எழும்பி நின்றால் தெரிகிறது, குந்தினால் இல்லை என்றால் அரை இரவுத் தூரம்" என்று சொல்லுவார். பாயும் துடுப்பும் இருந்த காலத்துக் கணக்கு அது.

கோடியக்கரையிலிருந்து இதைப் பார்க்க முடியுமா?

முடியாது. பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே 60 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. கோடியக்கரையில் 50 மீற்றர் உயரத்தில் ஏறி நின்றாலும் மேலே சொன்ன கணக்குப்படி 45 கிலோமீற்றர்தான் வரும். ஒரு விளக்கை விட்டுவிட்டு மற்றதைக் காணும்வரை நட்சத்திரங்களை நம்பி ஓடும் இடைவெளி ஒன்று நடுக்கடலில் உண்டு. கடலோடிகள் அவற்றை வெள்ளி என்பார்கள். விடிவெள்ளியும் அதில் ஒன்று.

யாழ்ப்பாணத்தில் வேறு வெளிச்சவீடுகள் இருக்கின்றனவா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, பலர் கேட்பதில்லை. பருத்தித்துறைக் கோபுரத்தை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது மூன்றில் ஒன்று.

மேற்கே, காரைநகரின் கோவளம் முனையில் ஒன்று. பருத்தித்துறையோடு உடன்பிறந்தது, அதே 1916. உயரம் 30 மீற்றர். நடுவில், காங்கேசன்துறையில் மற்றொன்று. மூன்றிலும் மூத்தது அதுதான், 1893. உயரமும் குறைவு, 22 மீற்றர். அது கட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் ரயில்கூட இல்லை. காங்கேசன்துறை ரயில் 1902இல் ஓடத் தொடங்கியது. கொழும்புக்குப் பாதை முழுமையானது 1905இல்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கோவளத்திலிருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அங்கிருந்து பருத்தித்துறைக்கும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஒவ்வொரு விளக்கும் எட்டும் தூரத்தை மேலே பார்த்தோம். கரையோரமாக இரவில் வரும் ஒரு தோணி, ஒரு விளக்கு கண்ணிலிருந்து மறையும் முன்பே அடுத்ததைக் கண்டுவிடும். இரண்டு விளக்குகள் ஒரே நேரத்தில் தெரிந்தால் இன்னும் நல்லது; ஒவ்வொன்றும் எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தாலே தோணி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு விளக்கு "இங்கே கரை" என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு சேர்ந்தால் "நீ இருப்பது இந்த இடத்தில்" என்று சொல்லிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் தனி வேலையும் இருந்தது. கோவளம், ஊர்காவற்றுறைக்குள் நுழையும் வாயிலைக் காட்டியது. அந்தத் துறையைப் போர்த்துக்கேயர் யானைத் துறை என்று அழைத்தார்கள். ஒரு காலத்தில் யானைகள் கப்பலேறிய இடம். அதைக் காக்க நின்ற கடற்கோட்டை இன்றும் நீருக்கு நடுவில் இருக்கிறது. காங்கேசன்துறை, துறைமுகத்தைக் காட்டியது. பருத்தித்துறையோ திருப்பத்தைக் காட்டியது: வங்காள விரிகுடாவில் திருகோணமலைப் பக்கமிருந்து வடக்கே ஏறி வரும் கலம் மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணைக்குள் நுழையும் மூலை இது. திருப்பத்தைத் தவறவிட்டால் கல்லில் ஏற வேண்டியதுதான்.

இவற்றோடு நெடுந்தீவின் தென்கோடியில் நிற்கும் குவிண்டா கோபுரத்தையும் சொல்லவேண்டும். கல்லால் கட்டிய, கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய கோபுரம் அது. நெடுந்தீவுக்குப் படகில் போகிறவர்கள் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே அவ்வளவு தூரம் போக வெயில் விடுவதில்லை.

கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்களுக்கும் இதுதான் வழிகாட்டியா?

இல்லை. பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். தெற்கே இராமர் அணை என்று சொல்லப்படும் மணற்திட்டுகள் வழியை மறிக்கின்றன. அதனால் பெரிய கப்பல்கள் இலங்கையைத் தெற்காகச் சுற்றிக் கிழக்குக் கடலால் போகின்றன. தென்முனையான தெவுந்தரையில் 1890இல் ஏற்றப்பட்ட 49 மீற்றர் வெளிச்சவீடு, நாட்டிலேயே மிக உயரமானது, அவர்களுக்கானது. எங்களுடையது தோணிகளுக்கும் பாய்க்கப்பல்களுக்கும் கரையோரக் கப்பல்களுக்கும்.

பாய்க்கப்பல்கள் என்றால் வல்வெட்டித்துறைக் கப்பல்களா?

அவையேதான். பருத்தித்துறையிலிருந்து மேற்கே சில கிலோமீற்றர் போனால் வல்வெட்டித்துறை. அங்கே கப்பல் கட்டினார்கள், ஓட்டினார்கள். தண்டையல் என்று அழைக்கப்பட்ட கப்பல் தலைவர்கள் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் போய்வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவனந்தபுரம் வரை போனது. அரிசி வந்தது, ஓடு வந்தது.

அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எங்கள் கடலோடிகளே அதை ஓட்டிச்சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். உலகத்தின் மறுபக்கத்துக்குக் கப்பலைக் கொண்டுபோனவர்கள் சிறுவயதில் இரவுத் திசையைப் படித்தது இந்தக் கரையின் விளக்குகளைப் பார்த்துத்தான்.

இலங்கையின் வடமுனை இதுதானே?

இல்லை. வெளிச்சவீட்டின் அடியில் நின்று "நாட்டின் உச்சியில் நிற்கிறேன்" என்று படம் போடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். வடகோடி சக்கோட்டை முனை. வெளிச்சவீட்டிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம்.

விளக்கு எப்படி வேலை செய்யும்? உள்ளே பெரிய பல்ப் இருக்குமா?

வெளிச்சவீடுகளின் இரகசியம் விளக்கில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. பிரான்சு நாட்டு ஃபிரெனெல் என்பவர் 1820களில் ஒரு வழி கண்டார். ஒரே பெரிய தடித்த வில்லை செய்தால் அது தூக்க முடியாத பாரமாகிவிடும். எனவே வில்லையை வளையம் வளையமாக வெட்டி, வளைந்த விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள தேவையற்ற கண்ணாடியைக் கழித்துவிட்டார். எல்லாப் பக்கமும் சிதறிப்போகும் வெளிச்சத்தை அந்த வளையங்கள் மடக்கி, அடிவானத்தை நோக்கி ஒரு கற்றையாக அனுப்பும். மண்ணெண்ணெய் விளக்கே கடலின் விளிம்பு வரை எட்டியது இதனால்தான்.

விளக்கு அணைந்து அணைந்து எரிவதாகக் கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். பழைய வெளிச்சவீடுகள் பலவற்றில் விளக்கு அணைவதே இல்லை. அதைச் சுற்றியுள்ள வில்லைதான் சுழலும். கற்றை உங்களைக் கடக்கும் கணத்தில் மின்னல் போலத் தெரியும். சுழற்றுவதற்கு மணிக்கூட்டில் உள்ளதுபோல் ஒரு எடைக்கட்டி கோபுரத்தின் நடுவே மெதுவாக இறங்கும். இறங்கி முடிந்ததும் காவலாளி மேலே சுற்றி ஏற்றவேண்டும். எத்தனை விநாடிக்கு ஒரு மின்னல் என்பது இடத்துக்கு இடம் வேறு. கடலில் உள்ளவர் விநாடிகளை எண்ணி இது எந்த விளக்கு என்று கண்டுகொள்வார். பெயர்ப்பலகை போலத்தான்.

இன்னொரு சங்கதி. பகலில் வில்லையைத் திரை போட்டு மூடிவைப்பார்கள். தூசிக்காக மட்டும் அல்ல. எங்கள் ஊர் வெயில் அந்த வில்லைக்குள் புகுந்தால் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்துவது போல உள்ளேயே தீப்பிடித்துவிடும்.

போர்க்காலத்தில் என்ன நடந்தது?

காங்கேசன்துறை வெளிச்சவீடுதான் அதிகம் பட்டது. 1990இல் அந்தப் பகுதி மக்கள் வெளியேறினார்கள்; ஊரே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கோபுரம் சேதமடைந்து, விளக்கில்லாமல் நின்றது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பி வரப் பல குடும்பங்களுக்கு 25 வருடங்களுக்கு மேல் ஆனது.

கடலில் இரவுத் தொழிலுக்குத் தடை, தூரம் போகத் தடை, இயந்திரத்துக்குத் தடை. கலங்களை அழைக்கும் விளக்கு இருந்தும் அழைக்கப்படக் கலங்கள் இல்லை. கரையிலும் இருட்டுத்தான். 1990 முதல் பல வருடங்கள் எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை, மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு போட்டு, ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வு வழியாகத் திரி இழுத்து எரித்த சின்ன விளக்கில்தான் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் படித்தோம். அம்மம்மா அதையும் 'வெளிச்சவீடு' என்றுதான் கேலி செய்வார்.

2004 சுனாமியில் சேதமா?

வடமராட்சிக் கரை அன்று பெரும் இழப்பைச் சந்தித்தது. கோபுரம் நிற்கிறது.

உள்ளே போகலாமா? மேலே ஏறலாமா?

வெளிச்சவீட்டுச் சுற்றாடல் நெடுங்காலம் படையினரின் பாதுகாப்பில் இருந்துவந்திருக்கிறது. நிலைமை மாறக்கூடியது, வாசலில் நிற்பவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை நான் கமராவை எடுக்கும் முன்பே அதைப் பைக்குள் வைக்கும்படி சொல்லிவிட்டார்கள். என்னோடு வந்த கனடாச் சித்தப்பா ஏமாற்றத்தில் அரை மணித்தியாலம் பேசவே இல்லை. வீதியிலிருந்தே கோபுரம் நன்றாகத் தெரியும். உள்ளே ஏறிப் பார்க்கும் ஆசையைவிட, முடிந்தால் கடற்றொழிலாளர் ஒருவரோடு பேசி மாலையில் படகில் சற்று வெளியே போய்ப் பாருங்கள். நான் சொன்ன பனைவரிசையும் வெள்ளைத் தூணும் அப்போதுதான் புரியும்.

எப்படிப் போவது? பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்கு வரும். நகரில் இறங்கி நடக்கலாம். வீதியின் மேல் கல்லால் கூரை போட்டு நிற்கும் தெருமூடிமடத்தைப் பார்க்காமல் போகவேண்டாம். கீழே வாகனம் போகும், இரு பக்கத் திண்ணையிலும் வழிப்போக்கர் இருப்பார்கள். வல்லிபுர ஆழ்வார் கோயில் தென்கிழக்கே, மணல்வெளியில். பருத்தித்துறை வடை வாங்கும்போது கையில் ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள்; நமத்த வடையைப் பெட்டியில் போட்டு விற்பவர்களும் உண்டு.

கோவளத்துக்குப் போவதென்றால் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குப் போகவேண்டும். கசூரினா கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோபுரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எல்லாப் படகிலும் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறதே. வெளிச்சவீடு இன்னும் எதற்கு?

நானும் பெரியப்பாவின் மகனிடம் இதைக் கேட்டேன். அண்ணா பிளாஸ்டிக் படகில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டித் தொழில் செய்கிறார். ஜிபிஎஸ் கருவியும் வைத்திருக்கிறார். வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி என்றார். பிறகு கரைக்கு வரும் வழியைச் சொன்னார். எங்கள் கரையை ஒட்டி நீருக்கடியில் கல் வரிசை ஓடுகிறது. படகு உள்ளே வருவதற்கு அதில் வெட்டிய ஒடுங்கிய வழிக்கு வான் என்று பெயர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த வாயில் அலை உடையும். ஒரு கையில் இயந்திரத்தின் பிடி, கண்ணில் உப்புத் தண்ணீர். திரையைக் குனிந்து பார்க்க அவகாசம் இல்லை. கரையில் அசையாமல் நிற்கும் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்: ஒரு கோயில் கோபுரம், ஒரு தனிப்பனை, ஒரு வெளிச்சவீடு.

"முந்தி எங்கள் வானுக்குப் பின்னால் இரட்டைப்பனை ஒன்று இருந்தது, ஷெல்லடியில் போய்விட்டது" என்றார் அண்ணா. "இப்போது அந்த இடத்தில் தொலைபேசிக் கோபுரம் இருக்கிறது. அதற்கும் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பிடித்துத்தான் வருகிறேன்."